பூட் ஆகாத வெள்ளிக்கிழமை

வெண்டல் காங்கஸுக்குக் கண் தெரியாது என்பதை ரெட்ஸ்டோன் ஹார்பருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை. மறைப்பதற்காக இல்லை, மறந்துபோகிறது. சுப்பீரியர் ஏரிக்கரையில் பனி கொட்டுகிற காலையில் பனிவழிக்கும் வண்டிகளின் ரேடியோவில் கேட்கிற குரல் அவருடையது. "ரூடி, பள்ளிக்கூட மேட்டை முதல்ல வழிச்சுடு, தபால் வண்டி அங்க மாட்டிக்கிட்டு நிக்குது" என்று அந்தக் குரல் சொன்னால், ரூடி ஸாலோ கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிட்டு மேட்டுக்கு வண்டியைத் திருப்புவார். பதினொரு வண்டிகள், நானூறு மைல் சாலை, ஒரு மனிதர். இருபத்து நாலு வருஷமாக இதே கதைதான்.

அதற்கு முன்பு டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர். முப்பத்து மூன்று வயதில் கண்ணில் ஏதோ நோய் வந்து, எட்டே மாதத்தில் எல்லாம் போய்விட்டது. அந்த எட்டு மாதத்தில் சாலைகள் அத்தனையையும் மனைவி கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டார். மனைவி அப்புறம் வேறொருவரோடு விஸ்கான்சினுக்குப் போய்விட்டார், அது வேறு கதை. சாலைகள் எங்கும் போகவில்லை.

அவருடைய மேஜையில் ஒரு பிரெய்ல் பலகை உண்டு. நாற்பது எழுத்து நீளத்துக்குச் சின்னச் சின்ன ஊசிமுனைகள் எழும்பித் தாழும். ஸ்கிரீனில் இருக்கிற வரி விரலுக்கு வந்து சேரும். மெஷினைப் பேசவைத்துக் கேட்டுக்கொள்ளலாமே என்று புத்திசாலிகள் சொல்வார்கள். ஒரு காதில் ரேடியோ, இன்னொரு காதில் தொலைபேசி, மூன்றாவது காதுக்கு எங்கே போவது? அதனால் பலகைதான். அதைச் செய்த கம்பெனியை மூடி வருஷங்கள் ஆகின்றன. பலகை மட்டும் சாகமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பலகையால்தான் அவர் கர்னல் வேலைக்குள் விழுந்தார். கர்னல் என்பது கணினியின் அடிப்படை. மெஷினைத் தட்டி எழுப்பி, வட்டு இது, விசைப்பலகை இது என்று ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு வேலையில் அமர்த்துவது அதுதான். அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் எண் இல்லாத சாதனத்தை அது ஏறெடுத்தும் பார்க்காது. வெண்டலின் பலகை எண் எந்தப் பட்டியலிலும் ஏறவே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்பு அவரே உட்கார்ந்து கற்று, லினக்ஸ் கர்னலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, மறுபடி கட்டி, ஓடவிட்டார். அந்த ஒரு வரிக்காக அன்று முழு மெஷினும் மூன்று முறை படுத்துவிட்டது.

படுத்தால்தான் சிக்கல். கர்னல் எழும்பினால்தான் பலகை எழும்பும். கர்னல் நடுவழியில் செத்துப்போனால் காரணத்தை ஸ்கிரீனில் எழுதிவிட்டுச் சாகும், வெண்டலின் விரலுக்கு ஒன்றும் வராது. அப்போதெல்லாம் சுவரைத் தட்டுவார். பக்கத்து வீட்டு ஆர்லிஸ் மாட்டிலா, பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்து ஓய்வு பெற்ற அம்மாள், செருப்போடு வந்து ஸ்கிரீனைப் படித்துக் காட்டுவார்.

*

அந்தப் பிப்ரவரித் திங்கட்கிழமை, சாலை அலுவலகத்தின் புது மேலாளர் கோரின் ஹெப்லர் வெண்டலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோரின் கெட்ட பெண்மணி இல்லை. வந்து ஐந்து மாதத்தில் இரண்டு வண்டிகளுக்குப் புது எஞ்சின் வாங்கித் தந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, அவ்வளவுதான்.

"வெண்டல், எல்லா மேஜைக்கும் புது மெஷின் வந்திருக்கு. உங்க மேஜைக்கும்தான். அதுல உங்க பலகை வேலை செய்யலைன்னு கேள்விப்பட்டேன்."

"செய்ய வெச்சுடுவேன். ஒரு வரி வேலை."

"நம்புறேன். நான் கேக்கிறது வேற. பனி கொட்டுற காலைல மெஷின் எழும்பவே இல்லைன்னு வெச்சுக்குங்க. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கு யார் படிச்சுச் சொல்லுவாங்க?"

வெண்டலுக்கு ஆர்லிஸ் வீட்டுச் சுவர்தான் ஞாபகம் வந்தது. 

"நான் முன்னால வேலை பார்த்த இடத்துல இருபது நிமிஷம் மெஷின் படுத்துருச்சு. பனிக்குப் பின்னால ஒரு ஆம்புலன்ஸ் நின்னுச்சு. அதுல இருந்த ஆளு பிழைக்கலை" என்றார் கோரின். "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எனக்குக் காட்டுங்க. திருப்தியா இல்லைன்னா வாசல்ல வரவேற்பு மேஜை இருக்கு. அதே சம்பளம், அதே லீவு. யாரும் உங்களை வீட்டுக்கு அனுப்பலை."

வரவேற்பு மேஜை. உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களுக்குக் காகிதத்தை நீட்டுவது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கை காட்டுவது.  சம்பளம் குறைந்தால்கூடத் தாங்கிக்கொள்வார். ரேடியோவில் பதினொரு பேர் தன் குரலுக்குக் காத்திருப்பது நின்றுபோனால், கண் போன அன்று போகாமல் மிஞ்சியது எதுவோ அதுவும் போய்விடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

*

செவ்வாய்க்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, வீட்டிலேயே கட்டி அலுவலகத்துக்கு எடுத்துப்போகலாம் என்று வீட்டு மெஷினில் உட்கார்ந்தார். பழைய பேட்சை, அந்த ஒரு வரித் திருத்தத்தை, புதுக் கர்னல் ஏற்கமாட்டேன் என்றது. பதினோரு வருஷத்தில் அந்தப் பக்கமே இடம் மாறிவிட்டது. தேடிப் பிடித்துக் கையால் அந்த ஒரு வரியைச் சேர்த்தார்.

இனி கட்ட வேண்டும், அதாவது மூலநிரலை மெஷினில் ஓடக்கூடிய கர்னலாக மாற்ற வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனை சாதனங்களுக்கும் சேர்த்துக் கட்டினால் அந்தக் கிழட்டு மெஷினில் நாலு மணி நேரம். வெண்டலுக்குப் பொறுமை கிடையாது. இந்த வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு குறுக்குவழி இருக்கிறது: 'இப்போது இந்த மெஷினில் என்னென்ன ஓடுகிறதோ, அவற்றுக்கு வேண்டியதை மட்டும் கட்டு' என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். பலகையைச் செருகி வைத்துக்கொண்டு அந்தக் கட்டளையைத் தட்டினார். நாற்பத்தைந்து நிமிஷம்தான் என்றது. கொல்லையில் இருந்த சானாவுக்கு, அந்த நீராவிக் குளியல் அறைக்கு, விறகு போட்டுவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்துவிட்டு வந்தார். வேலை முடிந்திருந்தது. மெஷினை மறுபடி கிளப்பினார். விரலை வைத்துக் காத்திருந்தார்.

ஊசிமுனைகள் செத்த மீன்போலக் கிடந்தன. சுவரைத் தட்டினார்.

ஆர்லிஸ் கையில் இரண்டு பேஸ்டியோடு, கறியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பண்டத்தோடு, வந்தார். "கெட்சப்பா, கிரேவியா?"

"மெஷின் செத்துக்கிடக்கு, இப்ப கெட்சப்பா கிரேவியான்னு கேக்கிறீங்களே."

"மெஷின் செத்தா நீ பட்டினி கிடக்கணுமாய்யா? கெட்சப்பே போடுறேன். எங்க, பாப்போம்." மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார். "சாகலையே. உயிரோடதான் இருக்கு. பேரு போடச் சொல்லிக் கேக்குது. மேல ஏதோ நம்பர். ஐந்து, புள்ளி, நாலு..."

"ஐந்தா? ஆறு இல்லையா?"

"எனக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியாதாக்கும். எழுநூறு பிள்ளைகளுக்குத் தட்டு எண்ணி வெச்சவ நான்."

வெண்டல் தலையில் கையை வைத்துக்கொண்டார். எழும்பியிருப்பது அவருடைய வரி இல்லாத ஏதோ ஒரு பழைய கர்னல். புதியது இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆர்லிஸ் படித்துக் காட்ட, தன் வரி உள்ள கர்னலை எழுப்பித் தேடிப் பார்த்தால், கர்னல்களை வைக்கிற சின்ன இடம் பழைய கர்னல்களால் வாய்வரை நிரம்பியிருந்தது. புதியதைப் பாதி நகலெடுத்துவிட்டு, 'இடமில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றிருந்தது. அவர் சானாவில் உட்கார்ந்திருந்தபோது எழுதிய வரி.

"பதினோரு வருஷக் குப்பையை ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடலை" என்றார் வெண்டல்.

"உன் கொட்டகையைப் பாத்தாலே தெரியுமே" என்றார் ஆர்லிஸ்.

ஆறு பழைய கர்னல்களை அழித்தார். மறுபடி நிறுவினார். மறுபடி கிளப்பினார். இரண்டு பேரும் பேஸ்டியை மென்றுகொண்டே காத்திருந்தார்கள். விரலுக்கடியில் ஊசிமுனைகள் சரசரவென்று எழும்பின. வெண்டல் சிரித்த சிரிப்பில் கெட்சப் சட்டையில் கொட்டியது.

"அப்ப வெள்ளிக்கிழமை நானும் வரேன்" என்றார் ஆர்லிஸ். "ஓரமா உக்காந்துக்கிறேன். எதாவது ஆச்சுன்னா படிச்சுச் சொல்றேன்."

"வேண்டாம்."

"ஏன், நான் வந்தா உனக்குக் கௌரவக் குறைச்சலா?"

"நீங்க வந்தா அந்தம்மா கேட்டதுக்கு அதுதான் பதில்னு ஆயிடும், ஆர்லிஸ். 'இவருக்குப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்'னு."

ஆர்லிஸ் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

பதில் கொட்டகையிலேயே இருந்தது, வருஷக்கணக்காக. டெலிபோன் கம்பெனிக் காலத்து சீரியல் கேபிள். ஒரு முனையைச் சாகப்போகிற மெஷினின் முதுகில் செருகி, மறுமுனையை ஒரு பழைய லேப்டாப்பில் செருகிவிட்டால், கர்னல் ஸ்கிரீனுக்கு எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அந்தக் கம்பி வழியாகவும் எழுதும்; மெஷினை நிறுத்திக் கிளப்புவதையும் அதன் வழியாகவே செய்யலாம். லேப்டாப்பில் அவருடைய பழைய கர்னல். அதற்குப் பலகையைத் தெரியும். ஆக, ஒரு மெஷின் சாகும்போது அதன் கடைசிப் பேச்சை இன்னொன்றில் விரலால் படிக்கலாம். கண் தெரிகிற கர்னல் ஆட்களே இதைத்தான் செய்கிறார்கள். வெண்டலுக்கும் இது தெரியும். செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார், செய்யவில்லை. செய்தால் சுவரைத் தட்டக் காரணம் இல்லாமல் போகும்.

வியாழக்கிழமை மாலை அதை மாட்டி, வீட்டு மெஷினைக் கிளப்பிக் காட்டினார். ஆர்லிஸ் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகையில் ஓடிய வரிகளை வெண்டல் உரக்கப் படித்தார், நினைவகம் இவ்வளவு, வட்டு இன்னது, விசைப்பலகை இன்னது என்று.

"அப்படியே இருக்கு" என்றார் ஆர்லிஸ் ஸ்கிரீனைப் பார்த்து. கட்டிய கையைப் பிரித்து, "அப்ப இனிமே என் தேவை இல்லை" என்றார்.

"பேஸ்டிக்கு?"

"பேஸ்டிக்கு மட்டும் ஆர்லிஸ் வேணும். நல்லா இருக்குய்யா உன் நியாயம்." குரல் சிரித்தது, ஆனால் முழுசாகச் சிரிக்கவில்லை. வெண்டலுக்கு அது கேட்டது. குரல்களில் அவரை ஏமாற்ற முடியாது.

*

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஒன்பது அங்குலப் பனி. அலுவலகத்தில் வேறு மேஜையிலிருந்து ஐந்து மணிக்கே வெண்டல் ரேடியோவைக் கையில் எடுத்துவிட்டார். முன்கூட்டியே புது மெஷினில் ஒரு தடவை கிளப்பிப் பார்த்துவிடலாம் என்ற திட்டம் பனியோடு போயிற்று. ஒன்பது முக்காலுக்குத்தான் கை ஓய்ந்தது. கேபிளை மாட்டி, புது மெஷினை அதன் சொந்தக் கர்னலில் எழுப்பி, வீட்டில் கட்டியதை அப்படியே நகலெடுத்து நிறுவி முடிப்பதற்குள் கோரின் கதவருகே நின்றுகொண்டிருந்தார். காபி குடிக்க வந்த ரூடியும் ஓரமாக ஒட்டிக்கொண்டார்.

"இது என்ன லேப்டாப்?" என்றார் கோரின்.

"நீங்க கேட்ட கேள்விக்குப் பதில். மெஷின் எழும்பும்போது சொல்றதை எல்லாம் இதுல படிச்சுக்குவேன்."

"நல்லது. ஆனா வெண்டல், மனசுல பட்டதைச் சொல்லிடறேன். இன்னிக்கு இது எழும்பும். நாலு நாளா தயார் பண்ணிட்டு வந்திருக்கீங்க. என் கவலை எழும்பாத நாளைப் பத்தி. அதை இன்னிக்கு நீங்க எப்படிக் காட்ட முடியும்னு எனக்குத் தெரியலை."

 முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று வெண்டலுக்குப் புரிந்துவிட்டது.  வந்தது வரட்டும் என்று மறுபடி கிளப்பும் கட்டளையைத் தட்டினார்.

மெஷின் ஒரு முறை முனகியது. விசிறி சுற்றியது. வரிகள் விரலுக்கடியில் ஓடின. திடீரென்று நின்றன.

"யோவ், கீபோர்டுல ஒரு லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்குதுய்யா" என்றார் ரூடி.

கோரின் ஸ்கிரீனிடம் குனிந்தார். கறுப்பில் வெள்ளையாக மேலிருந்து கீழ்வரை எழுத்து, எண், அடைப்புக்குறி. அவர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "ஒரு பக்கம் முழுக்க என்னென்னமோ எழுதியிருக்கு" என்றார். "எனக்கு ஒண்ணும் விளங்கலை. என்ன சொல்லுது இது?"

வெண்டலின் விரல்கள் ஏற்கெனவே பலகையில் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன.  ஒரு வரியில் நின்றார். இன்னொரு தடவை தடவினார்.

"வேர் வட்டை, தான் குடியிருக்கிற வட்டை, ஏற்ற முடியலையாம். தெரியாத சாதனம், பூஜ்யம், பூஜ்யம்." அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "அட முட்டாளே."

"யாரைச் சொல்றே?" என்றார் ரூடி.

"என்னைத்தான். நேரம் மிச்சம் பிடிக்கிறேன்னு, என் வீட்டு மெஷின்ல இருக்கிற சாமானுக்கு மட்டும் இதைக் கட்டினேன். என் வீட்டுல இருக்கிறது பழைய வட்டு. இங்க இருக்கிறது புது மாதிரி, மெஷினுக்குள்ளேயே ஒட்டின சில்லு. அதுக்கு வேண்டியதை நான் கட்டவே இல்லை. பாவம் இது என்ன பண்ணும்? கண்ணைத் திறந்து பாக்குது, வட்டுன்னு ஒண்ணுமே தெரியலை."

"இப்ப என்ன செய்யணும்? வெளில கம்ப்யூட்டர் ஆளைக் கூப்பிடவா?" என்றார் கோரின்.

"எதுக்கு?"

மெஷினை அணைத்துப் போட்டார். தொடக்கப் பட்டியல் கேபிள் வழியே பலகையில் வந்தது. கீழ் அம்புக்குறி ஒன்று, எண்டர். அந்த மெஷினின் சொந்தக் கர்னல் எழும்பியது. மூலநிரல் மொத்தமும் நகலில் கூடவே வந்திருந்தது. விடுபட்ட வட்டைச் சேர்த்து மறுபடி கட்டச் சொன்னார். புது மெஷின் வேகமானது, பதின்மூன்று நிமிஷம் என்றார்.

நாலாவது நிமிஷத்தில் ரேடியோ கரகரத்தது. ஏழாம் எண் வண்டி, குவாரி ரோட்டில், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை என்றது. ஓட்டுகிறவர் குரலில் நடுக்கம்.

வெண்டல் ஒரு கையைப் பலகையில் வைத்தபடியே மைக்கை எடுத்தார். "எனக்கும்தான் தெரியலை, பயப்படாதே. வண்டி எந்தப் பக்கம் சாயுது?"

"வலது பக்கம்."

"அப்ப நீ பழைய ரயில் கேட்டுக்கு அறுபது அடி இந்தப் பக்கம் இருக்கே. பிளேடைத் தூக்கிக்க. இடது சக்கரத்துக்கடியில ஜல்லி சத்தம் கேக்கிற வரைக்கும் மெதுவா போ. கேட்டதும் நில்லு."

எல்லோரும் காத்திருந்தார்கள். "கேக்குது" என்றது ரேடியோ.

"அங்கயே நில்லு. காத்து அடங்கட்டும். ஒன்பதாம் நம்பரை உன் பின்னால அனுப்புறேன்."

மைக்கை வைத்துவிட்டு விரலைப் பலகைக்குத் திருப்பினார். கட்டுமானம் முடிந்திருந்தது. நிறுவினார். இடம் இருக்கிறதா என்று இந்தத் தடவை பார்த்துக்கொண்டார். கிளப்பினார். வரிகள் ஓடின, வட்டைக் கண்டுபிடித்தது, மேலே போனது. லேப்டாப்பிலிருந்து பலகையைப் பிடுங்கிப் புது மெஷினில் செருகினார். ஊசிமுனைகள் எழும்பின. அன்றைய சாலைப் பட்டியல் முதல் வரி அவர் விரலுக்குக் கீழே வந்து நின்றது.

ரூடி கைதட்டப் போனவர், கோரின் முகத்தைப் பார்த்துக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கோரின் பலகையில் நின்ற அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "திங்கக்கிழமை காலை ஷிஃப்ட் யாருது?" என்றார்.

"என்னுது" என்றார் வெண்டல். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"பதினாலு அங்குலம் கொட்டும்னு சொல்றாங்க. நல்லா தூங்கிட்டு வாங்க." வாசல் வரை போனவர் திரும்பினார். "அந்தக் கேபிள்ல இன்னொண்ணு வாங்கி வைக்கச் சொல்றேன். இது போயிடுச்சுன்னா?"

அவர் காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் வெண்டலுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. ரூடி சன்னல் பக்கம் திரும்பி நின்று பனியைப் பற்றி ஏதோ தேவையில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். வெண்டல் தொலைபேசியை எடுத்து ஆர்லிஸுக்கு அடித்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அந்த அம்மாள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"என்னாச்சுய்யா? எழும்பிச்சா?"

"எழும்பலை. அந்தம்மா கண்ணு முன்னாலேயே பொட்டுனு போயிடுச்சு."

"அட கடவுளே." ஆர்லிஸ் மூச்சை இழுப்பது கேட்டது. "அப்ப வேலை?"

"அதனாலதான், ஆர்லிஸ், வேலை இருக்கு. சமர்த்தா எழும்பியிருந்தா, திங்கக்கிழமை நான் வாசல்ல உக்காந்து கழிப்பறைக்கு வழி சொல்லிக்கிட்டிருப்பேன்."